ஏழாம் அத்தியாயம்: புஷ் தேய்வதும் மாற்றுவதும்

மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தில் ஓர் இரும்பு உறுப்பு மற்றோர் இரும்பு உறுப்போடு கூடி அசைய வேண்டிய இடங்களிலெல்லாம், சக்கரம் ஏறி இறங்குவதைத் தடுக்காமலும், அதே சமயத்தில் சாலையின் அதிர்ச்சியைச் சேசிஸுக்கு அப்படியே கடத்திவிடாமலும் இருக்கும்படி, இரண்டு எஃகுக் குழல்களுக்கு நடுவே ரப்பரை வார்த்து ஒட்டிச் செய்த சிறு உருளை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் விருதுநகரிலும் சிவகாசியிலும் உள்ள பட்டறைகளில் புஷ் என்கிறார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, அப்பர் ஆர்ம் உள்ள வண்டியானால் அதற்கும் இரண்டு, ஷாக் அப்சார்பரின் காதில் ஒன்று, ஸ்டெபிலைசர் பாரைச் சேசிஸோடு பிணைக்கும் இடங்களில் ஒவ்வொன்று, பின்புறத்துப் பட்டையின் கண்களிலும் ஷாக்கிளிலும் சில என்று எண்ணிக்கொண்டு போனால், ஓர் எஸ்.யூ.வி. வண்டியின் அடியில் இத்தனை ரப்பர் இருக்கிறதா என்று உடையவரே ஆச்சரியப்படுவார்.

விலையோ சொற்பம். பெரும்பாலான புஷ்கள் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதனால்தானோ என்னவோ, எஞ்சின் ஆயிலைத் தேதி தவறாமல் மாற்றுகிறவரும், டயருக்கு வாரந்தோறும் காற்றுப் பார்க்கிறவரும் புஷ்ஷை நினைப்பதில்லை; அது சத்தமிடத் தொடங்கின பிறகே அதன் இருப்புத் தெரிகிறது. தெரிந்த பின்பு நடக்கும் காரியமும் அவசர காரியமாகவே முடிந்துவிடுகிறது. காலையில் வண்டியை விட்டுவிட்டு மத்தியானம் எடுத்துச் செல்கிறவர், சில மாதங்களில் அதே சத்தத்தோடு அதே பட்டறைக்குத் திரும்பி வந்து சாலையை நிந்திக்கிறார். பட்டறைக்காரர் சாமானை நிந்திக்கிறார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், நம் ஜில்லாவில் புஷ்கள் சாலையினால் மாள்வதைக் காட்டிலும், அவற்றைப் பராமரிப்பதாக எண்ணிக்கொண்டு செய்யும் கைகளினாலேயே அதிகமாக மாள்கின்றன என்பது என் அபிப்பிராயம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தக் கைகளுக்காகவே எழுதப்படுகிறது.

ரப்பரின் சுபாவத்தைச் சிறிது அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். மரத்துப் பாலை உறையவைத்து எடுத்த பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துப் போகும். அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இந்த இரண்டு குற்றங்களும் நீங்கி, இழுத்தால் நீண்டு விட்டால் பழைய உருவத்துக்கு மீளும் குணம் நிலைபெறுகிறது என்பதை 1839ஆம் ஆண்டில் கண்டவர் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர். 1844இல் அவர் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து நிறுத்துவது கந்தகத்தின் வேலை. சிவகாசிக்காரருக்குக் கந்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்முதல், தீக்குச்சிக்காகவும் பிறகு வாணங்களுக்காகவும் மூட்டை மூட்டையாக அவ்வூர் வாங்கிக் கையாண்டுவரும் சரக்கு அது. அங்கே எரிவதற்காகச் சேர்க்கப்படும் பொருள் இங்கே ரப்பர் நிலைகுலையாமல் நிற்பதற்காகச் சேர்க்கப்படுகிறது என்பது ரஸாயனத்தின் ஒரு விநோதம்.

இப்படிப் பதப்படுத்திய இயற்கை ரப்பர், லட்சக்கணக்கான முறை முறுக்கினாலும் களைத்து வெடிக்காத குணத்தில் பல செயற்கை ரப்பர்களைவிட மேலானது. புஷ் செய்கிறவர்கள் இன்றளவும் அதை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்கு மூன்று பகைகள் உண்டு. உஷ்ணம் அதன் பிணைப்புகளைச் சிதைத்து நாளடைவில் கெட்டிப்படுத்தும். காற்றில் அற்ப சொற்பமாகக் கலந்துள்ள ஓசோன், இழுவிசையில் இருக்கும் ரப்பரின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். மூன்றாவது பகை எண்ணெய்: டீசல், எஞ்சின் ஆயில், கிரீஸ் ஆகிய பெட்ரோலியப் பொருள்களில் எது பட்டாலும் இயற்கை ரப்பர் அதை உறிஞ்சிப் பருத்து, மெத்தென்றாகி, உலோகத்தோடு ஒட்டிய ஒட்டையும் விட்டுவிடும்.

முதல் பகைக்கு நம் பிரதேசத்தில் குறைவே இல்லை. பட்டாசுத் தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணமாயிருந்த வறண்ட வெயில்தான், நிறுத்திவைத்த வண்டியின் அடியில் தார்ச்சாலையின் வெக்கையாக ஏறி ரப்பரை வறுத்தெடுக்கிறது. இதற்குத் துணையாகக் கரிசல் மண் வேறு. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கங்களில் பரந்து கிடக்கும் அந்த மண், ஐப்பசி மழையில் நீரை உறிஞ்சிப் பருத்து, பங்குனி வெயிலில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையதாகையால், அதன்மேல் எவ்வளவு நேர்த்தியாகப் போட்ட சாலையும் சில ஆண்டுகளில் அலையலையாக மேடுபள்ளம் கொண்டுவிடுகிறது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியே கோவில்பட்டி செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குப் பெரிய சிரமம் இல்லை. ஆமத்தூர், திருத்தங்கல் மார்க்கமாகச் சிவகாசி வந்து, வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கங்களில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக அமைந்த ஆலைகளுக்குப் பிரியும் மண்பாதைகளில், மழைக்காலத்துத் தடங்கள் காய்ந்து இறுகிப்போன மேட்டில் ஒரு சக்கரமும் பள்ளத்தில் ஒரு சக்கரமுமாகத் தினம் போய் வருகிற வண்டிக்கே சோதனை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற அசைவுதான் புஷ்ஷை மிகுதியாக முறுக்குவது. ஆடிப்பெருக்கில் பூஜை போட்டு வியாபாரம் தொடங்கித் தீபாவளி வரை ஓய்வில்லாமல் ஓடும் வண்டிகளை ஆனி மாதத்திலேயே ஒருமுறை குழியில் ஏற்றிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தீபாவளி கழிந்தபின் பார்க்கிறவர் ஐப்பசி மழையின் சேற்றையும் சேர்த்தே சுரண்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது பகையாகிய எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பது இயற்கை அன்று, நாமேதான். வாட்டர் சர்வீஸுக்கு விட்ட வண்டியைக் கழுவி முடித்ததும், அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கவும் பட்டைகள் கிறீச்சிடாமல் இருக்கவும் என்று சொல்லி, டீசலையோ கழிவு ஆயிலையோ காற்றழுத்தத்தால் பீய்ச்சியடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறது. இவ்வழக்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்தால் அது அநியாயமானது என்று சொல்லிவிட முடியாது. மஹிந்திரா கம்பெனியார் 1940களின் பிற்பகுதியில் நம் நாட்டில் பூட்டிக் கொடுக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் பட்டைகளைத் தாங்கிய ஷாக்கிள்களில் ரப்பர் கிடையாது. மரையிட்ட உலோகப் புஷ்களும், அவற்றுக்குக் கிரீஸ் ஊட்டும் நிப்பிள்களுமே இருந்தன. அவற்றுக்கு எண்ணெய்ப் பசை ஆகாரம். அது இல்லாமற் போனால் இரும்பு இரும்பை அரைத்துத் தின்றுவிடும். அந்த ஜீப்புகளின் காலத்தில் கற்ற கை, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்த பாடம், ரப்பர் புஷ் வந்த பின்பும் மாறவில்லை. அன்று வண்டியைக் காத்த அதே துளி ஆயில் இன்று அதன் புஷ்களைக் கொல்கிறது. ஆகவே சர்வீஸுக்கு விடும்போதே, அடியில் எண்ணெய் அடிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கிறீச்சொலி கேட்கிற இடத்தில் சிலிகோன் ஸ்பிரேயைச் சிறிது உபயோகிக்கலாம். அது ரப்பரைக் கெடுக்காது.

இனி, கெட்டுப்போன புஷ்ஷைக் கண்டுபிடிக்கும் வழி. சத்தம் கேட்டவுடன் லோயர் ஆர்மைக் கழற்றுகிறவர் அநேகர். அதற்கு முன் வண்டியை ஓட்டியே பாதி உண்மையை அறிந்துவிடலாம். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே சமயத்தில் ஏறும்படி ஒரு வேகத்தடையை நேராகவும் நிதானமாகவும் கடக்க வேண்டும். பிறகு ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்படி ஒரு பள்ளத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் பார் என்பது இடமும் வலமும் வேறு வேறு உயரத்தில் இருக்கும்போதே முறுகி வேலை செய்வது; இரண்டும் சேர்ந்து ஏறும்போது அது சும்மா திரும்பிக் கொடுத்துவிடும். ஆதலால் வேகத்தடையில் மௌனமாயிருந்து ஒற்றைப் பள்ளத்தில் மட்டும் கடகடக்கிற வண்டிக்குப் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் புஷ்ஷோ அதன் லிங்க்கோதான் போயிருக்கும். அது மலிவான, அரைமணி வேலை. இரண்டிலும் சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பரின் புஷ்ஷையும் ஆர்ம் புஷ்களையும் சந்தேகிக்கலாம். மேடுபள்ளம் இல்லாத இடத்தில், பிரேக்கை மிதிக்கும்போது ஒருமுறையும் விட்டு எடுக்கும்போது ஒருமுறையும் முன்னால் டக்கென்று கேட்டால், லோயர் ஆர்மை முன்பின்னாகப் பிடித்து நிறுத்துகிற புஷ் கிழிந்துவிட்டது என்று அநேகமாக நிச்சயிக்கலாம். பட்டை உள்ள வண்டியில், கிளட்ச்சை விட்டுக் கிளப்பும் அந்த க்ஷணத்தில் பின்னால் ஒரு முட்டு விழுந்தால் பட்டைக் கண்ணையும் ஷாக்கிளையும் பார்க்க வேண்டும். ஆனால் புரொப்பெல்லர் ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றுமாகையால், இரண்டையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சத்தமே இல்லாமல் கெடுகிற புஷ்களும் உண்டு. அவை உடையவரிடம் வேறு பாஷையில் முறையிடும்: டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், அலைன்மென்ட் செய்து ஒரு மாதம் ஆவதற்குள் ஸ்டீயரிங் மறுபடியும் கோணலாக நிற்கும், நெடுஞ்சாலையில் எதிரே ஆம்னி பஸ் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் வண்டி தானாக ஒருபுறம் நகர்ந்து, திருத்தத் திருத்த அடங்காமல் அலையும். பின்புறத்தில் சுருள்வில்லும் குறுக்குக் கம்பியும் உள்ள வண்டிகளில் அக்கம்பியின் புஷ் போய்விட்டால், வளைவின் நடுவே ஒரு மேடு குறுக்கிட்டதும் பின்பாகம் பக்கவாட்டில் அலசும். இத்தகைய வண்டியில் மாதத்துக்கொரு தடவை அலைன்மென்டுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு. புஷ்ஷைச் சரிசெய்யாமல் செய்கிற அலைன்மென்ட் அந்தக் கடைவாசலைத் தாண்டும்வரைதான் நிலைக்கும்.

ஓட்டிப் பார்த்தபின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. கரிசல் தரையில் ஜாக்கி போடவே கூடாது. மேலே காய்ந்து இறுகித் தோன்றும் மண், பாரம் ஏறினதும் ஒரு பக்கமாக அமிழும். சிமெண்டுத் தரையில் ஜாக்கி ஏற்றி, சேசிஸின் கீழ் ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகே தலையை உள்ளே நுழைக்கலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு அன்று. நீண்ட டயர் லீவர் ஒன்றை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே செலுத்தி மெதுவாக நெம்பினால், நல்ல புஷ் சிறிது விட்டுக்கொடுத்து உடனே மீளும். கெட்ட புஷ் தடையில்லாமல் நகர்ந்து உலோகத்தில் போய் முட்டும். உள்குழல் வட்டத்தின் நடுவே இல்லாமல் ஒருபுறம் சாய்ந்திருந்தாலும், ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்து விளிம்பில் பிறைபோன்ற இடைவெளி தெரிந்தாலும், உள்ளே திரவம் நிரப்பிய வகையானால் அத்திரவம் கசிந்து கறைபடிந்திருந்தாலும் ஐயமின்றி மாற்ற வேண்டியதே. மேற்பரப்பில் மட்டும் காணும் முடியளவு வெடிப்புகளைக் காட்டி, எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டியதில்லை. நாலைந்து கோடைகளைக் கண்ட எந்த ரப்பரிலும் அவ்வளவு வெடிப்பு இருக்கத்தான் செய்யும். அதோடு, நெம்பிப் பார்க்கும் அதே சமயத்தில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பால் ஜாயிண்டையும், இடவலமாக ஆட்டி டை ராட் எண்டையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பிளே இருக்கும்போது புஷ்ஷை மட்டும் மாற்றுவதால் பிரயோஜனம் இல்லை.

வண்டிக்கு வண்டி வேலையின் தன்மை வேறுபடும். பழைய வடிவத்துப் பொலேரோவிலும் அந்நாளைய சுமோவிலும் பின்புறம் பட்டை. அங்கே ஷாக்கிள் புஷ் இரண்டு துண்டுகளாகக் கையாலேயே நுழைக்கும்படி இருப்பதால், பின் அச்சைத் தாங்கி, சேசிஸைச் சிறிது உயர்த்திப் பட்டையின் பாரத்தை இறக்கிவிட்டால், பிரஸ்ஸின் உதவியில்லாமலே மாற்றிவிடலாம். ஸ்கார்ப்பியோ, சஃபாரி போன்றவற்றில் பின்புறத்தில் சுருள்வில்லும் லிங்க்குகளும் இருக்கின்றன. ஒவ்வொரு லிங்க்கின் இரு முனையிலும் ஒரு புஷ் உண்டு. 2011இல் வெளிவந்த எக்ஸ்.யூ.வி. 500 போலத் தனிச் சேசிஸ் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த வண்டிகளில் லோயர் ஆர்மின் பின்புஷ்தான் அதிகமாகச் சிரமப்படுவது. எந்த வண்டியானாலும், முன்புறத்துச் சுருள்வில் ஆர்மின்மேல் நேராக அமர்ந்திருக்குமாயின், அந்த ஆர்மைக் கழற்றும் காரியத்தைத் தக்க ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் தொடவே வேண்டாம். அழுத்தப்பட்ட அவ்வில்லுக்குள் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான சக்தி அடங்கியிருக்கிறது.

சாமான் வாங்குவதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி சாமானோ, கம்பெனிக்கே சாமான் செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரில் விற்பதோ வாங்கலாம். பழைய ரப்பரைப் பொடித்துக் கலந்து வார்த்த மலிவுப் புஷ்களை நகத்தால் அழுத்தினாலே ஓரளவு தெரியும்: அவை விறைப்பாக இருக்கும், ரப்பரும் உலோகமும் சேரும் விளிம்பு ஒழுங்கற்றிருக்கும். கடையில் வெகுநாள் கிடந்த புஷ்ஷும் புதுப் புஷ் அன்று. ரப்பருக்கு அலமாரியிலும் வயது ஏறும். பாலியுரிதேன் புஷ் நெடுநாள் உழைக்கும் என்று சிலர் சிபாரிசு செய்கிறார்கள். உழைப்பது மெய்யே, ஆனால் அது முறுகிக் கொடுப்பதற்குப் பதிலாகச் சுழல்வது, தனக்குரிய கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடுவது, சிறு கல்லின் அதிர்ச்சியையும் உள்ளே அனுப்புவது. தாயில்பட்டிப் பாதையில் வயதான தாய்தந்தையரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இடப்புறம் மட்டும் கெட்டிருந்தாலும் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதாகவும் ஒன்று தளர்ந்தும் இருந்தால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பதில்தான் நம் ஊர்ப் பட்டறைகளின் முதற்பெருங்குற்றம் நடைபெறுகிறது. பிரஸ் இல்லாத இடத்தில், கேஸ் வெல்டிங் சுடரை ஆர்மின் துவாரத்தில் பாய்ச்சி, ரப்பர் பற்றியெரிந்து உருகினதும் உள்குழலைத் தட்டித் தள்ளிவிட்டு, வெளிக்குழலை உளியால் பிளந்தெடுப்பது சுலபமான வழி. எந்த ஊரிலும் இது தீயதே: புகை நஞ்சு, சூட்டினால் ஆர்மின் பெயிண்டு போய்த் துரு பிடிக்கும், அலுமினிய ஆர்மாயிருந்தால் அதன் பலமே குன்றும். சிவகாசி வட்டாரத்தில் இதற்குமேல் ஒரு காரணமும் உண்டு. வெடிபொருளை எந்த வண்டியில் ஏற்றலாம், எதில் ஏற்றக் கூடாது என்பதை அதற்கான விதிகள் வரையறுத்திருக்கின்றன; அது இந்நூலின் விஷயம் அன்று. ஆனால் ஆலைக்குள்ளும் குடோன் வாசலிலும் நாளெல்லாம் நின்று வருகிற வண்டியின் கால்மிதியிலும், கதவு இடுக்கிலும், சேசிஸின் பெட்டி மடிப்புகளிலும் மருந்துத் தூளோ அலுமினியப் பொடியோ கந்தகத் தூசியோ படிந்திராது என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்? அத்தகைய வண்டியின் அருகே கேஸ் சுடரும் வேண்டாம். இறுகின போல்ட்டை அறுப்பதற்காகப் பொறி பறக்கும் கிரைண்டரும் வேண்டாம். வேலைக்கு முன் சாமான்களை எல்லாம் இறக்கி, தாராளமாக நீர்பாய்ச்சி அடிப்பாகத்தைக் கழுவிவிடுவது நன்று. கழுவிவிட்டோம் என்கிற தைரியத்தில் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோவது நன்றன்று. போல்ட் உள்குழலோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தால், துரு இளக்கும் திரவத்தை முதல்நாள் மாலையே விட்டு வைத்துக் காத்திருக்கலாம். அப்படியும் வராவிட்டால் கைரம்பத்தால் நீர் விட்டு அறுக்கலாம். ஆர்மைத் தனியாகக் கழற்றி வெளியே கொண்டுபோனபின் 10 டன், 20 டன் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் கொடுத்தால், சில நிமிஷங்களில் நெருப்பில்லாமல் வேலை முடிந்துவிடும்.

ஆர்மைக் கழற்றுவதற்கு முன்பே மூன்று குறிப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலேயுள்ள மட்கார்டின் விளிம்புவரை, வண்டி சமதரையில் தன் பாரத்தோடு நிற்கும்போது எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சுவரில் எழுதிவைக்க வேண்டும். இதன் உபயோகம் பின்னால் வரும். அலைன்மென்டைத் திருத்துவதற்காகக் கோணல்மையமுள்ள போல்ட் பொருத்தப்பட்டிருந்தால், அதன் வாஷர் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் கோடிட வேண்டும். புஷ்ஷின் ரப்பரில் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் இருக்குமாயின், அவை எந்தத் திசையை நோக்கியிருக்கின்றன என்பதையும், புஷ் ஆர்மிலிருந்து இருபுறமும் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளிகள், ஒரு திசையில் வண்டி மெத்தென்று கொடுக்கவும் அதற்குக் குறுக்கே விறைத்து நிற்கவும் வடிவமைத்தவர் திட்டமிட்டு வைத்தவை. திசை மாறிப் பொருத்திய புஷ் பார்வைக்குக் குற்றமற்றதாயிருந்து, சீக்கிரத்தில் கிழியும்.

புதுப் புஷ்ஷை ஏற்றுகையில், துவாரத்தின் உட்புறத்தை எமரித் தாளால் துருநீக்கித் துடைத்து, சோப்பு நீரைத் தடவிக்கொண்டால் போதும். கிரீஸ், ஆயில் என்ற பேச்சே கூடாது. பிரஸ்ஸின் அழுத்தம் வெளிக்குழலின் விளிம்பில் மட்டும் விழும்படி, அதே விட்டமுள்ள குழாய்த்துண்டு ஒன்றை இடையில் வைக்க வேண்டும். உள்குழலின்மீது அழுத்தினால் ரப்பரின் ஒட்டு அங்கேயே விட்டுப்போகும். ஆர்மின் காதுகள் இரண்டாகப் பிரிந்த வகையானால், அவை வளையாதபடி நடுவே ஒரு துண்டை அண்டைகொடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதைப் பற்றி விவாதிக்கவே நான் தயாராக இல்லை. துவாரம் அகன்று புஷ் லூசாக அமர்ந்தால், தகடு வைத்து இறுக்குவதும், வெளிக்குழலை ஆர்மோடு டாக் வெல்டிங் வைப்பதும் நம் பக்கத்தில் சகஜம். வெல்டிங்கின் சூடு ஒரு விரற்கடைக்கு அப்பாலுள்ள ரப்பரைத் தீய்த்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஆர்மையே மாற்றுவது மலிவு என்று தோன்றும்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆர்மை அதன் இடத்தில் பொருத்தி, போல்ட்டுகளைப் போட்டு, வண்டி ஸ்டாண்டின்மேல் இருக்க, சக்கரம் அந்தரத்தில் தொங்க, அந்த நிலையிலேயே நட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார்களே, அதுதான் நான் முதலில் சொன்ன அகால மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். இதன் தத்துவம் எளியது. நட்டை இறுக்கினதும் உள்குழல் பிராக்கெட்டின் இரு சுவர்களுக்கிடையே நெரிபட்டு அசைவற்றுப்போகிறது. வெளிக்குழல் ஆர்மோடு சேர்ந்து திரும்புகிறது. நடுவேயுள்ள ரப்பர் இரண்டோடும் ஒட்டப்பட்டிருப்பதால் அது வழுக்கிச் சுழல முடியாது. முறுகித்தான் கொடுக்க வேண்டும், முறுகினபின் மீள வேண்டும். வண்டி சமதரையில் நிற்கும்போது அந்த முறுக்கு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும், மேட்டில் ஒருபுறமும் பள்ளத்தில் மறுபுறமுமாக ஏறத்தாழச் சமமாக முறுக வேண்டும் என்பதும் வடிவமைத்தவரின் கணக்கு. தொங்கும் நிலையிலே இறுக்கிவிட்டால், முறுக்கில்லாத நிலை என்பது தொங்கும் நிலைக்கே போய்விடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கின உடனே ஆர்ம் மேலே எழும்ப, ரப்பர் பிழிந்துவிட்ட ஈரத்துணிபோல முறுகி, ஓடும்போது மட்டுமன்றி இரவெல்லாம் நிறுத்திவைத்திருக்கும்போதும் அந்த முறுக்கிலேயே கிடக்கிறது. அதன்மேல் ஒரு மேடு வந்தால் அளவுக்கு மீறி முறுகிக் கிழிகிறது. இழுவிசையில் இருக்கும் ரப்பரையே ஓசோன் தேடித் தாக்கும் என்று முன்னே கண்டோம். அதற்கும் இது வழிதிறந்து வைக்கிறது. போதாக்குறைக்கு, முறுகின ரப்பர் வில்லாக மாறி வண்டியைச் சிறிது உயரத் தூக்கி நிறுத்துவதும் உண்டு. அதைப் பார்த்து, புதுப் புஷ் போட்டதால் வண்டி நிமிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே எல்லாப் போல்ட்டுகளையும் கைப்பதமாக மட்டும் முடுக்கி வைத்து, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பம்பரை நாலைந்து தடவை அழுத்திவிட்டு, பாரம் முழுவதும் சக்கரங்களின்மேல் இருக்கும் நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். லோடில் டைட் வைப்பது என்று அனுபவஸ்தர்களான மேஸ்திரிகள் சொல்வது இதையே. குழியுள்ள பட்டறையில் இது சிரமமே இல்லை. குழி இல்லாவிட்டால், ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஆர்மைப் பால் ஜாயிண்டுக்கு நேர் கீழே ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, மட்கார்டு விளிம்புக்கும் சக்கர மையத்துக்கும் இடையே முன்பு அளந்து சுவரில் எழுதிய தூரம் வந்ததும் நிறுத்தி, அங்கே இறுக்கலாம். பழைய புஷ்களோடு வண்டி ஏற்கெனவே தாழ்ந்திருந்ததாகச் சந்தேகம் தோன்றினால், மறுபுறத்து உயரத்தையும் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் கண்ட உயரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதையும் அந்தப் புத்தகமே சொல்லும். வண்டிக்கு வண்டி அது வேறுபடுவதால் இங்கே ஓர் எண்ணைக் கொடுப்பது தவறாக முடியும். டார்க் ரெஞ்ச் இல்லாமல், நீண்ட குழாயை ஸ்பானரில் செருகித் தொங்குவதால் வருகிற இறுக்கத்துக்கு அளவே கிடையாது. தானாகக் கழலாத பிடிப்புள்ள நட்டுகளைத் திரும்ப உபயோகிக்காமல் புதிது போடுவது உசிதம். ஷாக்கிளிலும் ஸ்டெபிலைசர் பாரிலும் உள்ள ஒட்டப்படாத புஷ்களுக்கு இந்தக் கண்டிப்பு அவ்வளவாகப் பொருந்தாதாயினும், எல்லாவற்றையும் லோடில் இறுக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று யோசிக்கும் தொல்லை இல்லை.

பட்டறையில் வேலைக்கு விடுகிறவர், இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது நேரில் நின்று கவனிக்க வேண்டும். "அண்ணாச்சி, வண்டியை இறக்கி லோடில் டைட் வையுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னால், நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபிக்கிறவரிடம் வண்டியை விடாமலிருப்பதே க்ஷேமம்.

ஆர்மைத் தொட்டபின் வீல் அலைன்மென்ட் தவிர்க்க முடியாதது. கோணல்மையப் போல்ட்டைப் பழைய கோட்டிலேயே வைத்திருந்தாலும், அது அலைன்மென்ட் கடைவரை டயரைத் தேய்க்காமல் போய்ச் சேருவதற்குத்தான் போதும். புதுப் புஷ்ஷின் இருப்பு பழையதினும் சில மில்லிமீட்டர் வேறுபட்டே இருக்கும். இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின்மீதும் பிராக்கெட்டின்மீதும் தொடர்ச்சியாக ஒரு பெயிண்டுக் கோடு இழுத்து வைத்தால், 500 கிலோமீட்டர் ஓடியபின் குழியில் ஏற்றி டார்ச் அடித்த மாத்திரத்தில் எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கோடு விலகியிருந்தால் அந்த நட்டைத் தளர்த்தி, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதே மறுபடியும் சரியான அளவுக்கு இறுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டுவிட வேண்டும். ஒரே நட்டு மீண்டும் விலகுமானால் போல்ட்டின் மரையையும் பிராக்கெட்டின் துவாரத்தையும் கழற்றிப் பார்க்கும்வரை நெடும்பிரயாணம் வேண்டாம்.